சாய்கோடு

நாலாம் மாடிப் பயிற்சி அறை.
அங்கிருந்த குளிர், பிணவறைக்குத் தூரத்துச் சொந்தம்.
மருந்தகத்திலிருந்து இருவர்,
ஆய்வுக்கூடத்து நோராசிகின்,
பதிவேட்டு அறை ரோஸ்லான், இன்னும் சிலர்,
இரவுப் பணி முடித்து நேராய் வந்த நான்.
'மாற்றத்தின் தலைவர்' என்று அச்சடித்த நீல நாடாவை
ஒவ்வொரு கழுத்திலும் மாட்டினார்கள்.
என் கழுத்தில் ஏற்கெனவே
மருந்து அலமாரிச் சாவி தொங்கியது.

மூன்று நாள் பெட்டிகள் வரைந்தோம், அம்புகள் வரைந்தோம்.
நோயாளி வருகிறார், ஒரு பெட்டி.
படுக்கைக்குப் போகிறார், ஒரு பெட்டி.
படுக்கை இல்லையென்றால் எந்தப் பெட்டி என்று
பிசியோதெரபி குணாளன் கேட்டார்.
பயிற்றுநர் கோ சியூ பெங் சிரித்தார்,
சிரித்துவிட்டு அதையும் பலகையில் எழுதினார்.
அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

எதிர்ப்பவர்களை வெல்வது எப்படி,
இதற்கு ஒரு முழுப் பிற்பகல்.
எட்டாம் வார்டு மேட்ரன் முகம் வந்து போனது.
அவர் எதிர்ப்பது கணினியை இல்லை,
நடுராத்திரியில் அது தூங்கிப்போவதை.

நாலாம் நாள் ஒத்திகை.
"ஒரு பொய் நோயாளியைப் பதியுங்க சிஸ்டர்" என்றான்
சைபர்ஜெயாவிலிருந்து வந்த கம்பெனிப் பையன்.
பொய் சட்டென்று வரவில்லை.
என் பெயரையே அடித்தேன்:
செண்பகவல்லி ஏ/பி மருதமுத்து.

திரை சிவந்தது.
அனுமதி இல்லாத குறி.

"அந்தக் கோட்டை எடுத்துடுங்க, சின்ன விஷயம்."
அவன் அட்டையைப் பார்த்தேன்.
ருபேந்திரன் ஏஎல் என்று ஒட்டிக் கிடந்தது.
தன் கோட்டை எங்கோ தொலைத்திருந்தான்.

சின்னதுதான்.
ஒரு மில்லிமீட்டர் சாய்ந்த கீறல்.
இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அப்பா.

போன வருஷம் ஒரே வாரத்தில்
ஏழாம் படுக்கையில் ஒரு லெட்சுமி,
பத்தொன்பதில் ஒரு லெட்சுமி.
ஒருத்தி ஓ, ஒருத்தி பி.
ரத்தப் பை என் கையில் சில்லிட்டது.
உங்க பேர் என்ன என்று கேட்கவில்லை.
நீங்க யார் மகள் என்று கேட்டேன்.

"அடையாள அட்டை எண் இருக்கே சிஸ்டர்."
இருக்கிறது.
காய்ச்சலில் பிதற்றுகிறவள்
பன்னிரண்டு இலக்கத்தை ஒப்பிப்பதில்லை,
அப்பாவைத்தான் கூப்பிடுகிறாள்.

எழுந்து நின்றேன்.
எந்த ஸ்லைடிலும் இல்லாத வாக்கியம் வாயில் வந்தது:
"இது இப்படியே என் வார்டுக்குள் வராது."
குரல் நடுங்கியது. உட்காரவில்லை.

ரோஸ்லான் கை தூக்கினார்:
சீனர்களின் இரண்டு பெயர்களுக்கு நடுவே வருமே,
வால் சுருட்டிய ஏ, அதை உள்ளே விடுமா?
நோராசிகின் தன் அக்கா பெயரில் தொங்கும்
ஒற்றைக் காற்புள்ளியைக் கொண்டுவந்தாள்.
மருந்தகத்து இபான் இளைஞன்
தங்களுக்குக் கோடே கிடையாது,
'அனாக்' என்று முழுசாய் எழுதணும் என்றான்.
அரை மணியில் பலகை நிரம்பிவிட்டது.
இந்த நாட்டின் அப்பாக்கள் எல்லாரும்
வரிசையில் வந்து நின்றதுபோல.
கோ சியூ பெங் மார்க்கர் மூடியைப் போட மறந்து
கேட்டுக்கொண்டிருந்தார்.
ஜன்னலில் மழை கொடிமலையை அழித்தது.

ஐந்து வாரம். பதினோரு மின்னஞ்சல்.
பட்டர்வொர்த் திரும்பும் பெர்ரியில் நின்றபடி
கட்டை விரலால் பதில் தட்டினேன்.
'முன்னுரிமை: குறைவு' என்று ஒன்று வந்தது.
'முன்னுரிமை: ரத்தம்' என்று திருப்பி அனுப்பினேன்.

நேற்று திரை பச்சை காட்டியது.
அச்சு இயந்திரம் இருமிவிட்டு
ஒரு கைப்பட்டையைத் துப்பியது:

செண்பகவல்லி ஏ/பி மருதமு

கோடு இருக்கிறது, சாய்ந்து, கம்பீரமாய்.
பட்டைதான் தீர்ந்துபோய்விட்டது.
கடைசி இரண்டு எழுத்துக்கு இடமின்றி
அப்பா விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கிறார்,
நெரிசல் பஸ்ஸில் ஒற்றைக்கால் வைத்தவர்போல்.

மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன்.
திங்கட்கிழமை கூட்டம்.
ரோஸ்லானிடம் சொல்லியாயிற்று,
இருப்பதிலேயே நீளமான பெயர்களாய்ப் பார்த்து
ஒரு பத்துப் பொறுக்கி வைக்கச் சொல்லி.